சீனக் கசாயம் குடித்த கழுத்து

குனிவதை ஒரு கலை என்று ஒப்புக்கொண்டால், வட்டகொடைக்கு மேலே இருக்கும் எங்கள் கல்லுமலைத் தேயிலைத் தோட்டத்தில் அந்தக் கலைக்குச் சோலைமலையை விட்டால் ஆள் கிடையாது. துரையின் மோட்டார் சைக்கிள் இரண்டு வளைவுக்கு அப்பால் வரும்போதே தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிவிடுவார். ரோட்டை விட்டு ஓரத்துக் கானுக்குள் இறங்கி, ஓடுகிற தண்ணீரில் நின்றுகொள்வார். துரை கடந்து போகும்போது சோலைமலையின் பிடரிதான் தெரியும், முகம் தெரியாது. வண்டி போய், புகை போய், சத்தமும் ஓய்ந்த பிறகுதான் நிமிர்வார். அதற்குள் மற்றவர்கள் பாதி வரிசைச் செடிகளின் கிளையைக் கழித்து, அதாவது கவ்வாத்து வெட்டி, முடித்திருப்பார்கள்.

இப்படிக் குனிய வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்து ஏழெட்டு வருடம் ஆகியிருந்தது. அது கொழும்பிலிருந்து ரயிலேறி வந்ததாகத்தான் கேள்வி. வழியில் எங்கோ தூங்கிவிட்டது போலிருக்கிறது, வட்டகொடை ஸ்டேஷனில் இறங்கவில்லை. ஆகவே எங்கள் தோட்டத்தில் எல்லாம் பழையபடியே நடந்தன. துரை வந்தால் ஆண்கள் கம்பளியைத் தலையிலிருந்து இறக்க வேண்டும், பெண்கள் கண்ணை இறக்க வேண்டும். மழை பெய்தாலும் அதே கதைதான்.

அந்த வருடம் ஆடிக் காற்று வழக்கத்தைவிட மோசம். கவ்வாத்து மலையில் ஐந்தாறு நாள் தொடர்ந்து நனைந்ததில் சோலைமலைக்குச் சளி பிடித்தது. சளி என்றால் யாருக்கும் வருவதுதான். ஆனால் வியாழக்கிழமை அந்தச் சளி மூக்கோடு நிற்காமல் பிடரிக்கு இறங்கியது. கழுத்து கட்டையாகிவிட்டது. இடது பக்கம் யாராவது கூப்பிட்டால் ஆளோடு திரும்ப வேண்டியிருந்தது. குனியவோ வழியே இல்லை. தொண்டையும் அடைத்துக்கொண்டது.

தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனார். டிஸ்பென்சர் சுந்தரலிங்கம் ஐயாவிடம் ஒரே ஒரு பெரிய போத்தல் இருந்தது. காய்ச்சலுக்கு அதிலிருந்து ஒரு கிளாஸ். இருமலுக்கும் வயிற்றோட்டத்துக்கும் மனக்கவலைக்கும் அதே கிளாஸ். அட்டை கடித்த காலுக்கு மட்டும் அதைக் குடிக்கக் கொடுக்காமல் மேலே தடவுவார். அந்த அளவுக்கு வைத்தியம் படித்தவர்.

"ஐயா, கழுத்து திரும்ப மாட்டேங்குதுங்க."

"திரும்பாட்டி என்னா? கவ்வாத்து முன்னாலதானே வெட்டுற?" என்று கேட்டு, ஒரு கிளாஸ் ஊற்றிக் கொடுத்தார்.

மறுநாள் காலை கவ்வாத்து மலைக்குச் சின்னத் துரை வந்தார். சீமையிலிருந்து புதிதாக வந்த பையன். கப்பலிலேயே தமிழ் படித்தவர் என்று சொல்லிக்கொண்டார்கள். வா, போ, வெட்டு, குனி, சும்மா இரு: இவ்வளவுதான் அந்தத் தமிழ். எங்களோடு பேசுவதற்கு இதற்கு மேல் எதுவும் தேவைப்படாது என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் நினைத்திருக்கலாம். அதுவும் உண்மைதான்.

எல்லோரும் கம்பளியை இறக்கித் தலையைத் தாழ்த்தினார்கள். சோலைமலையும் கம்பளியை இறக்கினார். தலை மட்டும் நட்டுவைத்தபடி நின்றது. மூக்கு ஒழுக, கண் நேரே துரையின் முகத்தைப் பார்த்தபடி, கையில் கவ்வாத்துக் கத்தியோடு நின்றார். இருபது வருடமாகக் குனிந்தே பழகிய மனிதர், தான் இப்போது எப்படிக் காட்சியளிக்கிறோம் என்பதே தெரியாமல் நின்றார்.

"குனி," என்றார் துரை.

சோலைமலை வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை.

பின்னாலேயே வந்த கண்டாக்கையா, அதாவது எங்கள் வேலையையெல்லாம் மேற்பார்க்கும் பெரிய மனிதர், பதறிப்போனார். "ஏய், தொர சொல்றாரு, காது கேக்கலையா?" என்று கத்திக்கொண்டே ஓடிவந்து, சோலைமலையின் பிடரியில் கையை வைத்து ஒரே அமுக்காக அமுக்கினார். அவ்வளவு நேரம் அடைத்துக் கிடந்த தொண்டை அப்போது பார்த்துத் திறந்துகொண்டது. சோலைமலை போட்ட கூச்சல் துரையின் முகத்துக்கு நேரே போய் விழுந்தது. துரை ஒரு அடி பின்வாங்கி, கவ்வாத்து வெட்டிய குச்சிகளில் கால் சிக்கி, சகதியில் உட்கார்ந்தார்.

உட்கார்ந்த துரையை நின்றபடி பார்த்த முதல் தொழிலாளி எங்கள் தோட்டத்தில் சோலைமலைதான். அதற்காக அவர் சந்தோஷப்படவில்லை, அழுகைதான் வந்தது.

டிஸ்பென்சர் ஐயாவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். "கழுத்து வலி இருக்க நியாயமில்லை," என்றார் அவர். "நேற்றுத்தான் என் மிக்சரைக் குடித்திருக்கிறான்." அதோடு வழக்கு முடிந்தது. வலி இல்லை என்றால் திமிர்தான். திங்கட்கிழமை காலைப் பெரட்டுக்கு, எல்லோரும் வேலைக்குக் கூடும் அந்த நேரத்தில், சோலைமலை வந்து அத்தனை பேர் முன்னாலும் துரைக்குக் குனிந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். அதுவரை வேலை கிடையாது. குனியாவிட்டால் பத்துச்சீட்டு, புருஷன் பெண்சாதி இரண்டு பேரும் தோட்டத்தை விட்டே போய்விட வேண்டும்.

போவதென்றால் எங்கே? சோலைமலையின் மனைவி பூரணி அதைத்தான் கேட்டாள். கேட்பதற்கும் ஆளில்லாமல் அடுப்பைப் பார்த்துக் கேட்டாள். இந்தியாவில் அவர்களுக்கென்று ஒரு வாசல் கிடையாது. இங்கேயே பிறந்திருந்தும் இந்த நாட்டுக்காரர்கள் இல்லை என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. மிச்சமிருந்தது தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் ஒரு காம்பரா மட்டும். அந்த ஒற்றை அறையும் இப்போது ஒரு கழுத்தில் தொங்கியது.

ஹட்டன் கடைவீதியில் பல் கட்டுகிற சீனாக்காரர் ஒருவர் இருந்தார். பெயர் லியாங். வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் அவர் கட்டிய பற்கள் வரிசையாகச் சிரித்துக்கொண்டிருக்கும். பல் தவிர அவரிடம் சீன மருந்துகளும் உண்டென்று பக்கத்துக் காம்பரா ராசம்மா சொல்லியிருந்தாள். சனிக்கிழமை பூரணி ரயிலேறி ஹட்டனுக்குப் போனாள்.

லியாங் நாட்டுக்கு வந்து பல வருடம். கடைக்காரச் செட்டிமாரிடம் தமிழும் மற்றவர்களிடம் சிங்களமும் பழகியிருந்தார். தமிழ் பேசும்போதும் 'சரி' என்பதற்குச் சிங்கள 'ஹரி'தான் வாயில் வரும். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். எங்கள் டிஸ்பென்சரியில் யாரும் அப்படிக் கேட்டதில்லை என்பதால் பூரணிக்கே ஒரு மாதிரியாக இருந்தது.

"சளி இருக்கு. பிடரி, முதுகு, எல்லாம் இறுக்கம். ஹரி. வேர்வை வருதா?"

"இந்தக் குளிர்ல யாருக்குங்க வேர்க்கும்? துளி இல்ல."

"காத்து பட்டா?"

"கதவத் தெறந்தாலே நடுங்குறாருங்க."

"ஹரி, ஹரி," என்று சொல்லிவிட்டுப் பின்னாலிருந்த இழுப்பறைகளைத் திறந்தார். ஏதோ ஒரு கொடியின் கிழங்கை வெள்ளை வெள்ளையாய் நறுக்கிக் காயவைத்தது ஒரு பிடி. ஈர்க்குப் போல மெலிந்த மஞ்சள் தண்டு கொஞ்சம். கறுவாக் குச்சி, அதிமதுரம், இன்னொரு வெள்ளை வேர், சுருங்கிப்போன சிவப்பு இலந்தைப் பழம். இஞ்சியை வீட்டில் போட்டுக்கொள்ளச் சொன்னார். அவர்கள் ஊரில் அதற்குப் பெயர் கெ கென் தாங். ஆயிரம் வருடத்துக்கு மேலாகச் சளிக்கும் கழுத்துப் பிடிப்புக்கும் அதைத்தான் குடிக்கிறார்களாம்.

"மொதல்ல கெழங்கும் மஞ்சத் தண்டும் வேகணும். மேலே நுரை வரும், அதை எடுத்துடு. பெறகு மத்தது போடு. சூடாக் குடிக்கணும். குடிச்சிட்டுக் கம்பளி. லேசா வேர்க்கணும், ஆறு மாதிரி ஊத்தக் கூடாது. வேர்த்த பெறகு காத்துல போகக் கூடாது." பொட்டலத்தை மடித்துக்கொண்டே கேட்டார்: "ஏன் இவ்வளவு அவசரம்?"

"திங்கக்கெழம தொரைக்குக் குனியணும்ங்க."

லியாங்கின் கை நின்றது. பிறகு நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டார். "மருந்து கழுத்த எளக்கும். மேல, கீழ, இந்தப் பக்கம், அந்தப் பக்கம், எல்லாம் போகும். எங்க போகணும்னு மருந்து சொல்லாது," என்றார்.

பூரணி தலையாட்டினாள். அந்தக் கடைசிப் பேச்சு அவள் காதில் ஏறவில்லை. கழுத்து இளகும் என்றது மட்டும் போதுமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அடுப்பில் கசாயம் கொதித்தது. அதன் வாடை லயம் முழுக்கப் போயிற்று. வாடை போன இடமெல்லாம் செய்தியும் போயிற்று. சீனாக்காரன் மருந்து என்றதும் டிஸ்பென்சர் ஐயா தன் பங்களா வாசலில் நின்று, இதற்கெல்லாம் பின்னால் வருத்தப்பட வேண்டியிருக்கும் என்று போகிற வருகிறவர்களிடம் சொன்னார். தன் போத்தலை விட்டு ஓர் ஆள் ஹட்டனுக்குப் போனது அவருக்கு நெஞ்சில் குத்தியது.

பூரணி சொன்னது சொன்னபடி நுரையை எடுத்து, சூடாகக் குடிக்கக் கொடுத்து, இருந்த இரண்டு கம்பளியையும் சோலைமலைமேல் போட்டு மூடினாள். அந்த நேரம் பார்த்து ஹட்டனிலிருந்து தொழிலாளர் சங்கத் தலைவர் வந்து சேர்ந்தார். பின்னால் நாலு பேர், கையில் ஒரு மாலை.

"வெள்ளைத் துரைக்கு வணங்காத எங்கள் வீரன் எங்கே?" என்று வாசலிலேயே ஆரம்பித்தவர், உள்ளே கம்பளிக் குவியலைப் பார்த்து நிறுத்தினார். "இவருக்கு என்னம்மா?"

"கழுத்து சரியாக மருந்து குடுத்திருக்கேங்க."

தலைவரின் முகம் வாடிவிட்டது. "அவசரப்பட்டுட்டியேம்மா. பேச்சுவார்த்தை முடியிற வரைக்கும் இந்தக் கழுத்து இப்படியே இருந்தா நல்லாயிருக்கும். ஒரு மாசம், ரெண்டு மாசம்..."

"அப்ப உங்க கழுத்தக் கொண்டுபோய்க் காட்டுங்க. காத்து அடிக்குது, கதவச் சாத்தணும்," என்றாள் பூரணி. சாத்தியும் விட்டாள். தலைவர் மாலையை வாசலில் மாட்டிவிட்டு, அங்கேயே சுருக்கமாக முக்கால் மணி நேரம் பேசிவிட்டுப் போனார். மாலையைப் பக்கத்து லயத்து ஆடு தின்றது. அந்த வருடம் சங்கத்தால் பலனடைந்த ஒரே ஜீவன் அந்த ஆடுதான்.

மத்தியானத்துக்குள் சோலைமலையின் நெற்றியில் வேர்வை அரும்பியது. பொழுது சாய்வதற்குள் பிடரி இளகிவிட்டது. பூரணி கஞ்சி வைத்தாள். அவர் தட்டின் மேல் சாதாரணமாகக் குனிந்து குடித்தார். குனிந்ததை அவர் கவனிக்கவில்லை, அவள் கவனித்தாள். சந்தோஷத்தில் அகப்பையைக் கீழே போட்டுவிட்டு, ஹட்டன் இருக்கிற திசையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"எங்க, தொரைக்குக் குனியிற மாதிரி ஒருக்காக் குனிங்க பாப்போம்."

குனிந்தார்.

"இன்னுங் கொஞ்சம். கோவத்துல இருக்காரு, நல்லாவே குனியணும்."

இன்னும் கொஞ்சம் குனிந்தார். பிறகு நிமிர்ந்தார்.

"பூரணி, அந்தத் தொர மூஞ்சிய நீ பாத்திருக்கியா?"

"அதெல்லாம் நான் எதுக்குப் பாக்குறேன்?"

"நானும் பாத்ததில்ல. இதோட மூணு சின்னத் தொரைங்க. மூணு பேரு பூட்சும் அடையாளம் சொல்லுவேன், மூஞ்சி ஒண்ணும் தெரியாது. அன்னைக்குத்தான் பாத்தேன். கன்னம் பூராப் பரு. சவரம் பண்ணத் தெரியாம வெட்டிக்கிட்டிருக்கான். நான் கத்துனதும் கண்ணு ரெண்டும் எப்படி முழிச்சுச்சு தெரியுமா? சின்னப் பய, பூரணி."

"சின்னப் பயலா இருந்தா என்னா, சீட்டுக் கிழிக்கிற கை அவரோடதுதானே," என்றாள் பூரணி.

திங்கட்கிழமை பெரட்டுக் களத்தில் ஒரு தலை பாக்கியில்லாமல் தோட்டமே கூடியிருந்தது. அடுத்தவன் குனிவதைப் பார்ப்பதில் உள்ள சுகம் வேறு. பூரணி கொழுந்துக்காரப் பெண்களோடு நின்றாள். அவள் மனதில் ஒரு தைரியம் இருந்தது. கழுத்து சரியாகிவிட்டது என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

சோலைமலை முன்னால் போய் நின்றார்.

"குனி," என்றார் சின்னத் துரை.

சோலைமலை அவர் முகத்தைப் பார்த்தார். தலை அசையவில்லை. பூரணிக்கு முதலில் புரியவில்லை. நேற்று மாலை கஞ்சித் தட்டில் குனிந்த கழுத்து அல்லவா இது? பிறகு புரிந்தது. ஓடிப்போய்க் கண்டாக்கையா செய்ததைத் தானே செய்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

துரையின் காது சிவந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள், கூட்டத்தை விலக்கிக்கொண்டு டிஸ்பென்சர் ஐயா வந்தார். ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தேக்கிவைத்த கோபத்தோடு வந்தார். சோலைமலையின் பிடரியை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தார். கழுத்து இளகித்தான் இருக்கிறது என்பது அந்த விரல்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அவர் தொடுவதற்கு முன்பே முடிவுக்கு வந்திருந்தார்.

"முடிந்தது," என்று இங்கிலீஷில் அறிவித்தார். "சீனாக்காரன் கசாயம் நரம்பைச் சாகடித்துவிட்டது. இனி இந்தக் கழுத்து ஆயுசுக்கும் வளையாது. என் மிக்சரோடு நிறுத்தியிருந்தால் இன்று நன்றாகக் குனிந்திருப்பான்."

"வெள்ளிக்கிழமை ஒன்றுமில்லை என்றீர்களே?" என்று கேட்டார் துரை.

"வெள்ளிக்கிழமை ஒன்றுமில்லைதான், சேர். அதனால்தான் சொல்கிறேன், எல்லாம் கசாயத்தின் வேலை."

இதை மறுக்க முடியவில்லை. சின்னத் துரைக்கும் உள்ளூர ஆறுதல்தான். இருக்கிற கவ்வாத்துக்காரர்களில் நல்ல கையை விரட்டிவிட்டால் பெரிய துரைக்குப் பதில் சொல்ல வேண்டும். நொண்டியை நடக்கச் சொல்லவும் முடியாது, குனிய முடியாதவனைத் திமிர்பிடித்தவன் என்று சொல்லவும் முடியாது. கண்டாக்கையா தொண்டையைச் செருமிக்கொண்டு, நோயின் காரணமாகச் சோலைமலைக்கு இன்று முதல் குனிவதிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டிருக்கிறது என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். நிமிர்ந்து நிற்க அனுமதி பெற்ற ஒரே ஆளாகச் சோலைமலை கவ்வாத்து மலைக்கு நடந்தார்.

அன்று மாலை காம்பராக் கதவைச் சாத்தியதும் பூரணி அவர்மேல் பாய்ந்தாள். "என் உசுரு போயிட்டு வந்துச்சு! எதுக்குங்க இப்புடிப் பண்ணுனீங்க?"

"குனியத்தான் போனேன், பூரணி. சத்தியமா. கண்ணு அவன் மூஞ்சியில நின்னுருச்சு. கண்ணு எறங்காமக் கழுத்து எப்படி எறங்கும்?"

அன்றிலிருந்து வெளியில் கட்டைக் கழுத்து, வீட்டுக்குள் நல்ல கழுத்து. வெளியே மாரியம்மனைக்கூட அவர் நிமிர்ந்து நின்றுதான் கும்பிட்டார். அம்மன் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்குக் கண்டாக்கையா கிடையாது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினால் தலையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சுழற்றி ஆற்றாமை தீர்த்துக்கொள்வார். பூரணிக்கு மட்டும் நிம்மதியில்லை. யாராவது கதவிடுக்கில் பார்த்துவிட்டால் அன்றோடு காம்பரா போயிற்று. அதனால் துரையைக் கண்டால் புருஷனுக்கும் சேர்த்து இரண்டு மடங்கு குனிந்தாள்.

இதற்கிடையில் தோட்டத்து ஆண்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல் ஹட்டனுக்கு ரயிலேற ஆரம்பித்தார்கள். மழையில் கானுக்குள் இறங்கி நிற்க வேண்டாம், சகதியைப் பார்க்க வேண்டாம், எல்லாவற்றுக்கும் ஒரு பொட்டலம் மருந்து போதும் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? முதலில் போனவர் அழகுமுத்து. சோலைமலைக்கு அடுத்த வரிசையில் கவ்வாத்து வெட்டுபவர்.

லியாங் அவர் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார், அழுத்திப் பார்த்தார். "நல்லா இருக்கே!"

"அதுதாங்க சீனத்து ஐயா வியாதியே," என்றார் அழகுமுத்து.

லியாங் தலையில் அடித்துக்கொண்டு அனுப்பிவிட்டார். அடுத்த வாரம் அழகுமுத்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கழுத்தை மரமாக வைத்துக்கொண்டு, நடுங்கிக்கொண்டே போய் மருந்தை வாங்கிவந்துவிட்டார். கசாயத்தைக் காய்ச்சி, கம்பளி போர்த்தி, சொன்னதற்கு மேலேயே வேர்த்தார். நெஞ்சு படபடத்தது, தூக்கம் வரவில்லை. காலையில் பார்த்தால், எத்தனையோ வருடமாகக் கழுத்தில் இருந்த சின்னச் சின்னப் பிடிப்புகூடப் போய், தலை இதுவரை போகாத ஆழத்துக்குக் குனிந்தது. துரையே அன்று திருப்தியாகப் பார்த்துவிட்டுப் போனாராம். வீரய்யாவும் சின்னராசாவும் குடித்தார்கள். அவர்கள் கதையும் அதேதான். சீனாக்காரன் ஆளுக்கு ஒரு மருந்து கொடுத்து ஏமாற்றுகிறான் என்று பேச்சு எழுந்தது.

ஒரு மாலை அழகுமுத்து நேரே சோலைமலையின் காம்பராவுக்கே வந்துவிட்டார். கண் கலங்கியிருந்தது.

"அண்ணே, ஒனக்கு மட்டும் என்னா மருந்து குடுத்தான்? மூணு தடவ குடிச்சிட்டேன். இன்னைக்குக் கானுக்குள்ள நின்னு குனியிறேன், எம் பொண்ணு மேல ரோட்டுல நின்னு பாக்குது. எனக்கு நாண்டுக்கிட்டுச் சாகலாம்போல இருந்துச்சு அண்ணே."

பூரணி முந்திக்கொண்டாள். "அது அவரு ஒடம்பு வாகு, தம்பி. ஒங்களுக்கு ஒத்துக்கல. போங்க, நேரமாச்சு."

சோலைமலை எழுந்து கதவைச் சாத்தினார். பூரணி வேண்டாம், வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினாள். அவர் அழகுமுத்துக்கு எதிரில் நின்று, தலையை மெதுவாக இடது பக்கம் திருப்பினார். வலது பக்கம் திருப்பினார். முகவாய் நெஞ்சில் படும்படி குனிந்தார். நிமிர்ந்தார்.

அழகுமுத்து பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். எல்லாம் முடிந்தது, விடிந்தால் கண்டாக்கையா ஆளனுப்புவார் என்று பூரணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் சின்னத் துரை கவ்வாத்து மலைக்கு வந்தபோது இரண்டு கழுத்துகள் வளையவில்லை.

டிஸ்பென்சர் ஐயாவைக் கூப்பிட்டார்கள். அழகுமுத்து கசாயம் குடித்தது ஊருக்கே தெரியும். சோலைமலைக்குச் சொன்னதை மாற்றினால் தன் வைத்தியம் பொய்யாகிவிடும். ஆகவே, நரம்பு செத்துவிட்டது என்றார். இரண்டு நாள் கழித்து வீரய்யாவின் நரம்பும், பிறகு சின்னராசாவின் நரம்பும், கசாயம் குடித்த மற்றவர்களின் நரம்பும் செத்தன. ஒவ்வொரு தடவையும் ஐயாவின் குரல் கொஞ்சம் இறங்கிக்கொண்டே வந்தது. கவ்வாத்து மலையில் இப்போது சின்னத் துரையை நேராகப் பார்த்துக்கொண்டு எட்டுப் பத்து முகங்கள் நின்றன. அவர் அந்தப் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டார்.

கடைசியில் பெரிய துரையே தலையிட்டார். சீனக் கசாயம் தோட்டத்துக்குள் வரக் கூடாது. ஸ்டேஷன் ரோட்டில் காவல்காரன் ஒருவனை நிறுத்தி, ஹட்டனிலிருந்து வரும் ஒவ்வொரு மூட்டையையும் அவிழ்த்துப் பார்க்கச் சொன்னார்கள். சீரகப் பொட்டலத்தைக்கூட மோந்து பார்த்துத்தான் விட்டான். கசாயம் குடிக்காத யாருக்கும் இந்த நோய் வராது என்று டிஸ்பென்சர் ஐயா உறுதி சொன்னார். துரைமார் நிம்மதியானார்கள்.

பூரணி இன்னும் குனிந்துகொண்டுதான் இருந்தாள். ஒரு நாள் மலையில் கூடையோடு அவள் குனிந்து நிற்க, சின்னத் துரை பக்கத்தில் வந்து நின்றார். கண்டாக்கையாவிடம் இங்கிலீஷில் ஏதோ சொல்லிச் சிரித்தார். பிறகு கையிலிருந்த பிரம்பால், மாட்டைத் தட்டிக் கொடுப்பதுபோல அவள் தலையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

"தொர ஒன்ன மெச்சிக்கிட்டாரு," என்று கண்டாக்கையா விளக்கினார். "புருஷன் கெட்டுப்போனாலும் பொம்பள ஒழுங்கா இருக்காளாம்."

சுற்றி இருந்த பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. பூரணிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவமானம் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். ஆனால் அதற்கு மெச்சிக்கொள்கிற முகமும் உண்டு என்பது அன்றுதான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து புருஷனிடம் எதுவும் சொல்லவில்லை. அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, அது எரிவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் மத்தியானம் கொழுந்து நிறுக்கிற இடத்தில் பெண்கள் கூடையோடு வரிசையாக நின்றார்கள். மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. எல்லாத் தலையும் தாழ்ந்தன. பூரணியின் தலை தாழவில்லை. தலையில் மாட்டிய கயிற்றில் கூடை பின்னால் கனக்க, அவள் சின்னத் துரையை நேராகப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற ராசம்மா ஓரக்கண்ணால் அதைப் பார்த்துவிட்டு, மெல்லத் தானும் தலையைத் தூக்கினாள்.

கண்டாக்கையா தராசை விட்டுவிட்டு ஓடிவந்தார். "என்னாடி இது? ஒனக்கும் கழுத்தா?"

"ஆமாங்கையா. நேத்திலேர்ந்து."

"கசாயம் எங்க கெடச்சுச்சு? யாரு கொண்டாந்து குடுத்தா? உண்மையச் சொல்லு!"

"யாருங்கையா குடுக்கப் போறாங்க, காவக்காரன் நிக்கிறப்ப?" என்றாள் பூரணி. "எனக்குக் குடிக்காமலே வந்துருச்சுங்க."